கரண்ட் போனால் எஸ்டி கார்டுக்குள் என்ன நடக்கிறது?

வழக்கமாக எஸ்டி கார்டிலிருந்து இயங்கும் சின்னக் கணினியான ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும். பை மட்டும் எழுந்திருக்காது. எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெட்டால் நியாயம். போன மாதம் எழுதிவிட்டுத் தொடாமலே இருந்த கோப்பு ஏன் கெட வேண்டும்?

சிலேட்டில் ஒரே ஒரு எழுத்தை எச்சில் தொட்டு அழித்துத் திருத்தலாம். எஸ்டி கார்டுக்குள் தரவு தங்கும் நேண்ட் ஃபிளாஷ் சிப்பில் அது நடக்காது. எழுதுவது பக்கம் பக்கமாக, சில கிலோபைட் அளவில். அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாக. ஆகவே கோப்பைத் திருத்தினால், கார்டுக்குள் இதையெல்லாம் நிர்வகிக்கும் கன்ட்ரோலர் புதிய தரவைக் காலியான வேறு பக்கத்தில் எழுதிவிட்டு, எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மாற்றிக்கொள்ளும். பிளாக்குகளைக் காலி செய்வதற்காகப் பழைய தரவையும் அவ்வப்போது இடம் மாற்றும். நாம் தொடாத கோப்பை அது தொடுகிறது! அட்டவணை பாதி மாறியிருக்கும்போது மின்சாரம் நின்றால், தரவு எங்கோ பத்திரமாகவே கிடக்கும், இடம் தெரியாது.

இதைவிட வம்பான விஷயம் ஒன்று உண்டு. எம்எல்சி வகை ஃபிளாஷில், மின்னூட்டமாகத் தரவைத் தேக்கும் ஒரே செல்லில் 2 பிட்கள். அவை இரண்டும் வெவ்வேறு பக்கங்களைச் சேர்ந்தவை. முதல் பக்கத்தை எழுதி, 'முடிந்தது' என்று பதிலும் சொல்லியாகிவிட்டது. அப்புறம் இரண்டாம் பக்கத்துக்காக அதே செல்லின் மின்னூட்டத்தை மாற்றும்போது கரண்ட் போனால், முதல் பக்கமும் சேர்ந்து போய்விடும்.

விலை கொடுத்து வாங்கும், இதே ஃபிளாஷில் இயங்கும் வட்டுகளான எஸ்எஸ்டிகளும் இதற்கு விலக்கல்ல. ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் ஹெச்பி ஆய்வகமும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்த 15 எஸ்எஸ்டிகளில் 13 ஏதாவதொரு கோளாறைக் காட்டின.

சர்வர்களுக்கான பல எஸ்எஸ்டிகளில் இதற்கென்றே கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். மின்சாரம் நின்றதும், கையிலுள்ள தரவையும் அட்டவணையையும் எழுதி முடிக்கும் அளவுக்கு அவை தாங்கும். நகம் அளவு மைக்ரோ எஸ்டியில் அதற்கு ஏது இடம்?

சரி, மென்பொருளால் முடிந்தது என்ன? லினக்ஸின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4, மாற்றங்களை முதலில் குறித்துக்கொள்ள ஒரு ஜர்னல் வைத்திருக்கிறது. ஆனால் வழக்கமான அமைப்பில் அது காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பைத்தான். கோப்பின் உள்ளடக்கம் அதில் பதிவாவதில்லை. முக்கியமான கோப்பை நிரலில் மாற்றுபவர்கள் புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, அதைச் சேமிப்பகத்தில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் கொடுத்து, பிறகே பழைய பெயருக்கு மாற்ற வேண்டும். அப்போது பழையது முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும். கன்ட்ரோலர் தனக்குள் செய்யும் இடமாற்றங்களுக்கு இந்த உத்தி எட்டாது.

அதனால் பைக்கு நான் நம்புவது கார்டில் எழுதாமலே இருப்பதைத்தான். பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு முறைமையை இயக்கி, பை தொடங்கத் தேவையான கோப்புகள் உள்ள பூட் பார்ட்டிஷனையும் எழுத முடியாதபடி வைத்தால், எழுத்தெல்லாம் ரேமுக்குப் போகும். மறுதொடக்கத்தில் லாகுகள் (நிகழ்வுப் பதிவுகள்) மறைந்துவிடும். வேண்டிய தரவை மட்டும் யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கோ வேறு கணினிக்கோ அனுப்பிவிடலாம்.