இருபதில் ஒருவர்

2024 செப்டெம்பர் இலங்கை ஜனாதிபதித் தேர்தலில், ராஜபக்ச குடும்பத்தின் பொதுஜன பெரமுனவுக்காக மொட்டுச் சின்னத்தில் நின்ற நாமல் ராஜபக்ச பெற்றது 342,781 வாக்குகள், அதாவது 2.57 வீதம். படுதோல்விதான். ஆனாலும் மட்டக்களப்பில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பலருக்கு அந்தத் தொகையே பெரிதாகப் பட்டது. “இன்னுமா மொட்டுக்குப் புள்ளடி போடுறானுகள்?”

கேட்கத்தான் தோன்றும். 2021இல் வந்த இரசாயன உரத் தடை மட்டக்களப்பின் படுவான்கரை வயல்களை எப்படி வாட்டியது என்று எந்த விவசாயியும் சொல்வார். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். பொருளாதாரம் விழுந்ததற்கு ராஜபக்ச சகோதரர்களும் பொறுப்பாளிகள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. இத்தனைக்கும் பிறகு விழுந்த வாக்குகள் அவை.

தெற்கில் இருப்பவர் இதே கேள்வியை நம் பக்கமும் திருப்பலாம். 2020 பாராளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஆகக் கூடிய விருப்பு வாக்குகளைப் பெற்றவர், தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் படகுச் சின்னத்தில் நின்ற பிள்ளையான் என்கிற சிவநேசதுரை சந்திரகாந்தன். பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொலை வழக்கில் அவர் அப்போது விளக்கமறியலில் இருந்தார். 2021 ஜனவரியில்தான் அந்த வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த வாக்கு புதிர். போட்டவர்களுக்கு அதில் புதிர் எதுவும் இல்லை: நம்மட ஆள், கிழக்குக்கென்று நிற்கிற ஆள், வீதி போட்ட ஆள்.

மனித மூளை இந்த விடயத்தில் ஹம்பாந்தோட்டையில் ஒரு மாதிரியும் வாழைச்சேனையில் வேறு மாதிரியும் வேலை செய்வதில்லை. ஆனால் மூளைக்குள் போவதற்கு முன் எளிய கணக்கொன்று இருக்கிறது. பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

2019இல் கோட்டாபய ராஜபக்சவுக்கு விழுந்தவை 69 இலட்சம் வாக்குகள். 2024இல் அந்தக் கட்சியிடம் மிஞ்சியது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. மிஞ்சிய அந்த ஒருவர், போய்விட்ட பத்தொன்பது பேரின் சராசரி அல்ல. ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு பாதுகாப்பை நம்பி வந்தவர், விலைவாசி குறையும் என்று வந்தவர், காற்று அடிக்கும் பக்கம் சாய்ந்தவர் எல்லாரும் முதல் அடியிலேயே கழன்றுவிட்டார்கள். விட்டுப் போகக் காரணம் ஆகக் குறைவாக உள்ளவர் மட்டும் நிற்கிறார். அவருக்கு அது தகப்பன் வழி வந்த கட்சியாக இருக்கலாம், யுத்தத்தை முடித்ததற்கான நன்றியாக இருக்கலாம். ஒரு தலைவர் சரியச் சரிய அவருடைய ஆதரவாளர்கள் மேலும் மேலும் வெறி பிடித்தவர்கள் போலத் தெரிவது இதனால்தான். உண்மையில் யாருக்கும் புதிதாக வெறி பிடித்திருக்கத் தேவையில்லை. மிதமானவர்கள் வெளியேறியதால் சராசரி இறுகிவிட்டது, அவ்வளவுதான். வோட்டர்கேட் ஊழலில் சிக்கி 1974 ஆகஸ்டில் பதவி விலகிய ரிச்சர்ட் நிக்சனை அந்தக் கடைசி நாட்களிலும் 24 வீத அமெரிக்கர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்று கலப் கருத்துக்கணிப்பு சொன்னது.

சரி, அந்த இறுகிய ஆள் ஏன் இறுகினார்? தகவல் போய்ச் சேரவில்லை என்பது பலரும் சட்டென்று சொல்லும் பதில். அது பெரும்பாலும் பிழை. அமெரிக்காவில் டொனால்ட் ட்ரம்ப் முதன்முறை களமிறங்கிய காலத்தில் பிரையனி ஸ்வயரும் சகாக்களும் ஓர் ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். ட்ரம்ப் சொன்ன பொய்களைப் பொய்யென்று சான்றோடு காட்டியபோது அவருடைய ஆதரவாளர்களும் அதை ஏற்றார்கள்; அந்தக் கூற்றுகள்மீது அவர்களுக்கிருந்த நம்பிக்கை இறங்கியது. வாக்களிக்கும் எண்ணம் மட்டும் அசையவில்லை. ‘அவர் சொன்னது பொய்’, ‘நான் அவருக்குத்தான் போடுவேன்’ என்ற இரண்டும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்க முடிகிறது. ஏனென்றால் வாக்கு, தலைவருக்கு நாம் போடும் பரீட்சைப் புள்ளியாகப் பல வேளைகளில் இருப்பதே இல்லை. நான் யார் பக்கம் என்பதற்கான கையெழுத்து அது.

பக்கம் பிரிவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம் என்பதை 1970களின் தொடக்கத்தில் உளவியலாளர் ஹென்றி தஜ்பெல் காட்டினார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பாடசாலைப் பையன்களிடம், இன்ன ஓவியரின் படங்களை விரும்புகிறவர்கள் என்று சொல்லி இரு அணியாக்கினார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். பிறகு இரு அணிக்கும் புள்ளிகளைப் பங்கிட அவர்கள் கையில் ஓர் அட்டவணை. அதன் ஒரு முனையில் தன் அணிக்கு 19, எதிரணிக்கு 25. மறுமுனையில் தன் அணிக்கு 7, எதிரணிக்கு 1. தன் அணிக்கு அதிகம் கிடைப்பதையும் விட்டுக்கொடுத்து, எதிரணியைவிட மேலே நிற்கும் முனைப் பக்கம் சாய்ந்தார்கள் பலர். முகம் தெரியாத அணி, அரை மணி நேரத்துக்கு முன் உண்டான அணி!

நமக்கு இதை விளக்க பிரிஸ்டல் வரை போக வேண்டியதில்லை. கண்ணகி அம்மன் பேரில், இரு மரக்கொம்புகளைக் கொளுவி இழுத்து முறிக்கும் கொம்புமுறிச் சடங்கில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். கொம்பு முறிந்த சேரியைப் பார்த்து மற்றச் சேரி வசை பாடும். நேற்றுவரை ஒன்றாக வலை இழுத்தவர்கள்தான். ‘உன் சேரியின் கொம்பு மரம் தரமில்லை’ என்று நிரூபித்துக் காட்டினால் ஒருவன் சேரி மாறுவானா? மாறமாட்டான்; பாட்டை இன்னும் உரக்கப் பாடுவான். ஆதரவாளனை முட்டாள் என்று ஏசுவதும் இதே பலனைத்தான் தருகிறது. தலைவர்மீது விழவேண்டிய விமர்சனம் அவனுடைய தன்மானத்தின்மீது விழுகிறது. கொம்புமுறியில் சடங்கு முடிந்ததும் ஊர் ஒன்றாகிவிடும் என்பது பெரிய வித்தியாசம். கட்சிக்கு அப்படியொரு முடிவு நாள் கிடையாது.

படித்தவர்கள் இதற்கு விலக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் டான் கஹானின் 2013ஆம் ஆண்டு ஆய்வில், தோல் களிம்பு பலன் தந்ததா என்று எண்களைக் கொடுத்துக் கேட்டபோது கணக்குத் திறமை உள்ளவர்கள் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களைத் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றியவை என்று சொல்லிக் கொடுத்தபோது, விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக இருந்தால்தான் திறமை நன்றாக வேலை செய்தது. பின்னர் நடந்த மறுசோதனைகளில் இது எப்போதும் இவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அம்பாறைக்காரருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 2020இல் திகாமடுல்லை என்கிற அம்பாறைத் தேர்தல் மாவட்டத்தில் முன்னாள் புலித் தளபதி கருணாவின் அணிக்கு 29,379 வாக்குகள் விழுந்தன, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 25,000 சொச்சம். தமிழ் வாக்கு பிளந்து, மாவட்டத்தில் ஒரு தமிழரும் தெரிவாகவில்லை. இரண்டு தொகைகளையும் வைத்துத் திருக்கோவிலில் வாதாடிப் பாருங்கள். ஆசனம் போனதற்கு மற்றவன்தான் காரணம் என்று இரு பக்கமும் அதே எண்களிலிருந்தே நிறுவும், அதுவும் நல்ல கெட்டியாக.

உதவிக்காகப் போடுகிறவர்களையும் மறக்கக்கூடாது. வேலைக் கடிதம், வீட்டுத்திட்டம், பொலிஸில் ஒரு வார்த்தை. இவற்றை எதிர்பார்த்துப் போடுவதில் உளவியல் மர்மம் ஏதும் இல்லை.

அப்படியானால் யாருமே மாறுவதில்லையா? மாறுகிறார்கள், ஆனால் படிப்படியாக அல்ல. டேவிட் ரெட்லோஸ்க்கும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாவனைத் தேர்தல் நடத்தி, ஒருவர் விரும்பிய வேட்பாளரைப் பற்றியே கெட்ட செய்திகளைச் சொட்டுச் சொட்டாகக் காட்டினார்கள். முதல் கொஞ்சம் செய்திக்கு ஆதரவு கூடியது. மூளை அதற்கு மறுப்புத் தேடி, தேடிய மறுப்பில் தானே மயங்கியது. செய்தி தொடர்ந்து சேர்ந்தபோது உள்ளே பதற்றம் ஏறி, ஒரு புள்ளிக்குப் பிறகு ஆதரவு மளமளவென்று சரிந்தது. ஒரு ஊழல் செய்திக்கு அசையாத ஊர், கடைசியில் எரிவாயு வரிசைக்கு அசைந்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம். வரிசையில் நிற்கும் கால் வலிக்கு மறுப்பு எழுத முடியாது.

சரிந்தவர் எங்கே போவார் என்பதும் முக்கியம். எதிரியின் வீட்டு வாசல் மட்டும் திறந்திருந்தால் பலர் பழைய இடத்திலேயே நின்றுவிடுவார்கள். ‘நம்மட’ என்று சொல்லக்கூடிய இன்னோர் இடம் வேண்டும். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் 21 தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி வசம் போக, மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு மூன்று ஆசனங்களைக் கொடுத்தது. திசைகாட்டிக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸின் மரத்துக்கு ஒன்று. படகுக்கு ஆசனம் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் விருப்பு வாக்கில் முதலாமிடம் கொடுத்த அதே மாவட்டம்.

இப்படி மாறுகிறவர் அதை மச்சானிடமோ கோயில் வண்ணக்கரிடமோ அறிவித்துவிட்டுப் போவதில்லை. கொடி பிடிப்பது எல்லாரும் பார்க்க, புள்ளடி போடுவது யாரும் பாராமல். கூட்டத்துக்கு வந்த பஸ்களை எண்ணி ஆசனம் கணிக்கும் நம்மூர்க் கெட்டிக்காரர்கள் அடிக்கடி கோட்டைவிடுவது அதனால்தான்.