கொம்பை அறுத்துக் காண்டாமிருகத்தைக் காப்பது எப்படி?

மாட்டுக் கொம்பை வெட்டினால் ரத்தம் கொட்டும். உள்ளே எலும்பு இருக்கிறது. காண்டாமிருகத்தின் கொம்பு அப்படியல்ல. நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ, அதே கெரட்டினால் ஆன கெட்டிக் கட்டை அது. மூக்கெலும்பின் மேலுள்ள தோலிலிருந்து வளர்கிறது. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அடிப்பகுதியோடு நின்றுவிடுகின்றன. ஆகவே சரியான உயரத்தில் அறுத்தால் வலிக்காது. முன்கொம்பு ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை மறுபடி வளரும். கள்ளவேட்டைக்காரன் தேடி வருவது கொம்பைத்தான். அதை நாமே முன்கூட்டி எடுத்துவிட்டால் அவன் உயிரைப் பணயம் வைத்து வர வேண்டியதில்லை. 1989-இல் நமீபியா இந்த முறையைத் தொடங்கியது. இன்று தென்னாப்பிரிக்காவில் பரவலாக நடக்கிறது.

வேலை காலைக் குளிர்ச்சியிலேயே முடிய வேண்டும். மயங்கிய விலங்கால் உடல் சூட்டைச் சமாளிக்க முடியாது. ஹெலிகாப்டரிலிருந்து கால்நடை மருத்துவர் மயக்க ஊசியைச் சுடுவார். வளர்ந்த வெள்ளைக் காண்டாமிருகம் இரண்டு டன்னைத் தொடும். அதைச் சாய்க்க எட்டார்ஃபின் என்ற வீரியமான மயக்க மருந்து 3, 4 மில்லிகிராம் போதும். கூடவே அமைதிப்படுத்தும் மருந்தான அசபெரோன் கலப்பார்கள். எட்டார்ஃபின் மனிதர் தோலில் கீறல் வழியாகச் சிறிது இறங்கினாலே உயிருக்கு ஆபத்து. அதனால் முறிமருந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டுதான் ஊசியில் மருந்தை நிரப்புவார்கள்.

விழுந்ததும் கண்ணைத் துணியால் கட்டி, காதை அடைக்கிறார்கள். உண்மையான சிக்கல் மூச்சில்தான். எட்டார்ஃபின் சுவாசத்தை அமுக்கும். வெள்ளைக் காண்டாமிருகத்தின் ரத்தத்தில் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்துவிடும். ஆக்சிஜன் அளவை உயர்த்த, எட்டார்ஃபினின் வேகத்தை ஓரளவு தணிக்கும் பியூட்டார்ஃபனாலைக் காதின் ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். மூக்கில் குழாய் விட்டு ஆக்சிஜனும் கொடுப்பதுண்டு. ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால் அதன் எடையே அடியிலுள்ள கால் தசைகளை நசுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். எனவே முடிந்தவரை மார்பு தரையில் படும்படி படுக்கவைக்கிறார்கள். ஒருவர் மூச்சை எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் செய்யமாட்டார்.

முன்கொம்பில் அடியிலிருந்து ஏறக்குறைய 7 சென்டிமீட்டர், பின்கொம்பில் 5 சென்டிமீட்டர் விட்டு மார்க்கரால் கோடு போட்டு, செயின்சாவால் அறுப்பார்கள். கோடு தாழ்ந்தால் வளரும் திசு வெட்டுப்பட்டு ரத்தம் வரும், சீழ் பிடிக்கும், புதுக் கொம்பு கோணலாக முளைக்கும். கோடு உயர்ந்தால் வேட்டைக்காரனுக்குப் போதுமான கொம்பு மிஞ்சும். பிறகு ஆங்கிள் கிரைண்டரால் ஓரத்தை மழித்து, விரிசல் விடாமலிருக்கத் தார் பூசுகிறார்கள். கீழே விரித்த தார்ப்பாயில் விழுந்த தூளையும் கூட்டி அள்ளுவார்கள். அதற்கும் விலை உண்டு. கொம்பை எடைபோட்டு, மைக்ரோசிப் பொருத்தி, பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் மரபணுத் தரவுத்தளத்துக்கு மாதிரி அனுப்புவார்கள். பின்னாளில் எங்காவது கொம்பு பிடிபட்டால் எந்த விலங்குடையது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். கடைசியில் மயக்கத்தை முறிக்கும் நால்ட்ரெக்சோன். ஓரிரு நிமிடத்தில் எழுந்து நடந்துவிடும்.

பலன் இருக்கிறதா? தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவையும் அதைச் சூழ்ந்த காப்பகங்களையும் பற்றி 2025-இல் வெளியான ஆய்வு ஒன்று, 11 காப்பகங்களின் 2017 முதல் 2023 வரையான கணக்கைப் பார்த்தது. அங்கே 1,985 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டிருந்தன. கொம்பு அறுத்த இடங்களில் வேட்டை சுமார் 78 விழுக்காடு குறைந்தது. அதற்கு ஆன செலவு மொத்தப் பாதுகாப்புச் செலவில் 1.2 விழுக்காடுதான். மோப்ப நாய்களும் கேமராக்களும் ஏறக்குறைய 700 பேரைப் பிடித்துத் தந்தும், அந்தக் கைதுகளால் வேட்டை குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஏழ்மை ஆள் சேர்த்துக்கொண்டே இருக்கிறது, உள்ளே இருப்பவர்களே தகவலும் விற்கிறார்கள்.

அதற்காகக் காவலைக் கைவிட்டால் கதை கெட்டது. ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் 1990-களின் தொடக்கத்தில் கொம்பு அறுத்த விலங்குகளே ஏராளமாகக் கொல்லப்பட்டன. ரோந்துக்குப் பணமில்லாத நேரம் அது. மேற்சொன்ன குரூகர் ஆய்விலும் 100-க்கும் மேற்பட்டவை மிஞ்சிய அடிக்கட்டைக்காகவே உயிரிழந்தன. கட்டையும் காசாகும். ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அறுக்காவிட்டால் அந்தக் கட்டையே கொம்பாகிவிடும்.

விலங்குக்கும் இழப்பு உண்டு. கறுப்புக் காண்டாமிருகங்களைப் பற்றி 2023-இல் வெளியான ஆய்வில், கொம்பிழந்தவற்றின் நடமாட்டப் பரப்பு சராசரியாக 45 விழுக்காடு சுருங்கியது தெரிந்தது. ஒன்றையொன்று சந்திப்பதும் குறைந்தது. இனப்பெருக்கத்தை இது எப்படிப் பாதிக்கும் என்பதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

இன்னொன்று, வேட்டை இடம் மாறும். குரூகரில் கொம்புள்ளவை அருகியபின் கும்பல்கள் தெற்கே குவாசூலு-நட்டால் மாகாணத்துக்குத் திரும்பின. 2023-இல் தென்னாப்பிரிக்கா முழுவதும் கொல்லப்பட்ட 499-இல் 307 அந்த மாகாணத்தில்தான். 2024 ஏப்ரலில் அங்குள்ள ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி பூங்காவில் அறுக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு மாகாண எண்ணிக்கை 232-ஆக இறங்கியது. ஆகவே ஒரு காப்பகம் அறுக்கும்போது பக்கத்துக் காப்பகமும் அதே பருவத்தில் அறுத்தாக வேண்டும்.