மருத்துவர் அறையில் ஏஐ குறிப்பெடுப்பு: நோயாளியின் ஒப்புதலை எப்படிப் பெற வேண்டும்?

மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வதைக் கைபேசியோ கணினியோ ஒலியாகப் பதிவு செய்து, அதை எழுத்தாக மாற்றி, நோயின் வரலாறு, பரிசோதனையில் கண்டவை, எழுதிக் கொடுத்த மருந்து என்று பிரித்துக் கேஸ் ஷீட்டுக்கு உரிய குறிப்பாகத் தரும் ஏஐ மென்பொருள்கள் இந்தியாவிலும் புழக்கத்துக்கு வந்துள்ளன. தட்டச்சில் மூழ்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்து மருத்துவர் பேச முடிவது உண்மையான நன்மைதான். ஆனால் மருத்துவரிடம் மட்டும் சொல்வதாக நம்பி நோயாளி சொன்னது, பல நேரங்களில் அவர் பெயர்கூட அறியாத ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேருகிறது. ஒப்புதல் பற்றிய கேள்வி இங்கேதான் எழுகிறது.

ஏஐ குறிப்பெடுப்புக்கென்று தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. ஏற்கெனவே உள்ள சட்டங்களே இதற்கும் பொருந்தும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகள், உடல்நலம், மனநலம், மருத்துவ ஆவணங்கள் ஆகியவை பற்றிய தகவல்களை கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் அந்தரங்கத் தகவல்களாக வகைப்படுத்தி, அவற்றைத் திரட்டும் முன் எதற்காகப் பயன்படுத்தப்படும் என்பதற்கு எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும் என்கின்றன. தனி ஒருவர் உரிமையில் நடக்கும் கிளினிக்கும் இதில் அடங்கும். இதன் இடத்தை டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 எடுத்துக்கொள்ள இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல், நோயாளியின் உரிமைகள் ஆகியவை தொடர்பான முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்கலாம் என்று கிளினிக்குகள் எண்ணுவது தவறு. இன்று பொருந்தும் 2011 விதிகளே எழுத்து மூலமான ஒப்புதலைக் கேட்கின்றன.

புதிய சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, ஒப்புதல் கட்டாயமின்றி, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக, விவரம் அறிந்து, நிபந்தனை இல்லாமல், ஐயத்துக்கு இடமின்றி, தெளிவான ஒரு செயலால் தரப்பட்டதாக இருக்க வேண்டும். நோயாளி பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்பது ஒப்புதல் ஆகாது. ‘இங்கு உரையாடல் பதிவு செய்யப்படுகிறது’ என்று வரவேற்பறைச் சுவரில் ஒட்டிய தாளும் ஆகாது. இந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு மருத்துவம் சார்ந்தது: தொலைமருத்துவச் செயலி ஒன்று, சிகிச்சைக்கான தகவலோடு கைபேசியில் உள்ள தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது, பயனர் இரண்டுக்கும் சம்மதித்தாலும், தொலைமருத்துவத்துக்குத் தேவையில்லாத தொடர்புப் பட்டியலுக்கு அந்த ஒப்புதல் செல்லாது. இதே அளவுகோலை வைத்துப் பார்த்தால், குறிப்பெழுதுவதற்குத் தந்த ஒப்புதலைக் காட்டி, அந்த ஒலிப்பதிவைக் கொண்டு நிறுவனம் தன் மென்பொருளைப் பயிற்றுவிக்க முடியாது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். அதை மறுக்கும் உரிமையும் தனியாக இருக்க வேண்டும்.

நோயாளி ஒரு நோக்கத்துக்காகத் தானே முன்வந்து தந்த தகவலை, அந்த நோக்கத்துக்கு ஒப்புதலின்றியே பயன்படுத்தலாம் என்று 7-ஆம் பிரிவு சொல்வதைச் சிலர் சுட்டிக்காட்டக்கூடும். சிகிச்சைக்காகச் சொன்னதை மருத்துவர் தன் கையால் எழுதிக்கொள்வதற்கு அது பொருந்தும். குரலையே பதிவு செய்து வெளி நிறுவனத்துக்கு அனுப்புவதை நோயாளி எதிர்பார்த்து வரவில்லை. ஆகவே இந்தப் பிரிவின் நிழலில் ஒதுங்குவது சரியல்ல என்பதே என் வாசிப்பு. வழக்கு என்று வந்தால், விவரம் சொல்லி ஒப்புதல் பெற்றதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் கிளினிக்குடையதே.

அந்த விவரத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பு நோயாளிக்கு இருக்க வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் உள்ளது. ஆனால் தமிழில் அச்சடித்த படிவத்தை ஓபி சீட்டோடு நீட்டிக் கையெழுத்து வாங்கினால் போதாது. படிக்காதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மருத்துவரே கேட்பது இன்னும் நல்லது. “அம்மா, நாம பேசுறதை இந்த ஃபோன்ல பதிவு பண்ணி, ஒரு மென்பொருள் எனக்குக் குறிப்பு எழுதித் தரும். அதை நான் படிச்சுத் திருத்துவேன். பதிவு ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டருக்குப் போகும், குறிப்பு முடிஞ்சதும் அழிச்சிடுவாங்க. வேண்டாம்னா சொல்லுங்க, கையாலயே எழுதிக்கிறேன். வைத்தியத்துல ஒரு வித்தியாசமும் இருக்காது.” இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் பதிவு உண்மையில் எப்போது அழிக்கப்படுகிறது என்பதை நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் உறுதி செய்துகொள்ளாமல் மருத்துவர் இந்த வாக்கைத் தரக் கூடாது.

பிழை நேரக்கூடும் என்பதையும் மறைக்கக் கூடாது. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 1 சதவீத ஒலித்துண்டுகளில் யாரும் பேசாத சொற்களை அது தானாகச் சேர்த்திருந்ததைக் கண்டது. தமிழில் வேறொரு சிக்கலும் உண்டு. ‘மயக்கமா வருது’ என்பது ஒருவருக்குத் தலைச்சுற்றல், இன்னொருவருக்கு நினைவு தப்பி விழுவது. ஆங்கிலக் குறிப்பாக மாறும்போது இரண்டும் வெவ்வேறு நோய்களை நோக்கி இழுத்துச் செல்லும். மருத்துவர் படித்துத் திருத்தாத குறிப்பு ஆபத்தானது. நோயாளி தன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிகள் கூறுகின்றன. தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமையை 2023-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது.

யார் சம்மதிக்க வேண்டும் என்பதில் நம் ஊர் வழக்கம் இடறிவிடும். மனைவிக்காகக் கணவரும், தாய்க்காக மகனும் கையெழுத்திடுவது இங்கே இயல்பாக நடக்கிறது. மயக்க மருந்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாய் தந்த ஒப்புதலின் பேரில் செய்த அறுவை சிகிச்சை குறித்த வழக்கில், சுயமாக முடிவெடுக்கத் தகுதியுள்ள வயது வந்தவரின் ஒப்புதலை அவரிடம்தான் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. ஒலிப்பதிவுக்கும் இதே நெறியைக் கடைப்பிடிப்பதே முறை. கூட வந்தவரின் குரலும் பதிவாகும் என்பதால் அவரையும் கேட்க வேண்டும். 18 வயது நிறைவடையாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்ற விதியிலிருந்து, குழந்தையின் உடல்நலனைக் காக்கத் தேவையான அளவுக்கு மருத்துவர்களுக்கு விலக்கு உண்டு. குறிப்பெடுக்கும் மென்பொருள் அந்தத் தேவைக்குள் அடங்காது என்றே கருதுகிறேன். பெற்றோரைக் கேட்டுவிடுவதே சரி.

கொடுத்த ஒப்புதலை நோயாளி எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்; தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். இங்கே ஒலிப்பதிவையும் மருத்துவக் குறிப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்கும் கடமை மருத்துவருக்கு இருப்பதால், அவற்றைச் சேர்ந்த குறிப்பை உடனே அழிக்க முடியாது. ஒலிப்பதிவுக்கு அப்படி ஒரு கடமை இல்லை. கிளினிக் அதை அழிப்பதோடு, நிறுவனத்தையும் அழிக்கச் செய்ய வேண்டும்.

மனநல ஆலோசனையில் கூடுதல் கவனம் தேவை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு இரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. எச்ஐவி நிலையை வெளியிடுவதற்கு, விவரம் அறிந்து எழுத்தில் தந்த ஒப்புதல் வேண்டும் என்கிறது அதே ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம். இத்தகைய பேச்சு வரும்போது, முன்பே சம்மதித்திருந்தாலும் பதிவை நிறுத்திவிட்டு மீண்டும் கேட்பதே நோயாளிக்குச் செய்யும் நியாயம்.

2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபின், புகாரை முதலில் கிளினிக்கிடமே தர வேண்டும். 90 நாட்களுக்குள் தீர்வு இல்லையென்றால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அணுகலாம். தகவலைப் பாதுகாக்கத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் வழி இந்தச் சட்டத்தில் இல்லை. இது பெரிய குறை. கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெற்றவர் சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் நுகர்வோர் ஆணையத்தை நாடிப் பார்க்கலாம். அதற்கு ஒப்புதல் படிவத்தின் நகல், கட்டண ரசீது, ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அனுப்பிய கடிதம் அல்லது குறுஞ்செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது உதவும்.