இதயம் புதிது, மூச்சுத் தசை பழையது

இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களின் குடும்பத்தார் பிசியோதெரபிப் பிரிவில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், ஹார்ட்டுதான் புதுசு வெச்சாச்சே, இன்னும் ரெண்டு மாடி ஏறினா ஏன் இப்படி மூச்சு வாங்குது?" எக்கோ ரிப்போர்ட் நன்றாக இருக்கும். இதயத் தசையில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் நிராகரிப்பு, அதாவது புதிய இதயத்தை உடல் ஏற்க மறுப்பது, எதுவும் தெரியாது. எக்ஸ்ரேயும் சுத்தம். அப்படியானால் பல நேரங்களில் பிரச்சினை இதயத்துக்கு அடியில், உதரவிதானத்தில் இருக்கிறது.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூடாரம்போல் கவிந்திருக்கும் இந்தத் தசைதான் மூச்சை உள்ளே இழுப்பதில் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. அறுவை சிகிச்சைக்கு வருவதற்கு முன்பே அது நொந்துபோயிருக்கும். இதயம் செயலிழந்த காலத்தில் நுரையீரலில் நீர் கோத்து விறைப்பாக இருக்கும். அதை விரிக்கத் தசை கூடுதலாக உழைக்க வேண்டும், ஆனால் அதற்குப் போகும் ரத்தமோ குறைவு. உடல் இளைக்கும்போது இந்தத் தசையும் சேர்ந்தே இளைக்கும். பிறகு வென்டிலேட்டர். மூச்சு வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் சில நாட்களிலேயே உதரவிதானம் மெலியத் தொடங்கிவிடும். அதற்கு மேல் ஸ்டீராய்டு. நிராகரிப்பைத் தடுக்க அது அவசியம்தான், ஆனால் அதிக அளவில் தரும்போது தொடைத் தசையையும் மூச்சுத் தசையையும் அது அரிக்கும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற நிராகரிப்புத் தடுப்பு மாத்திரைகளும் தசை ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனைக் கொஞ்சம் குறைக்கின்றன. போதாக்குறைக்கு நெஞ்செலும்பைப் பிளந்த வலி. வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கும்.

தேங்கிய சளி சாதாரண விஷயமில்லை. உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு தலைமையில் நடந்தது. நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாட்கள் உயிரோடு இருந்தார். அவரைக் கொன்றது நிமோனியா. இன்று மருந்துகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தும் சளியைத் தள்ள முடியாத பலவீனமான மூச்சும் ஒரே உடம்பில் சேருவது இன்றும் ஆபத்துதான்.

நடக்கும்போது கால் ஓய்ந்துபோவதற்கும் மூச்சுத் தசை காரணமாகலாம். சோர்ந்த மூச்சுத் தசை அனுப்பும் நரம்புச் சைகையால் கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கால் கடுக்கிறதே என்று காலுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது பாதி வைத்தியம்.

முதலில் அளக்க வேண்டும்

மூச்சுத் தசையின் பலத்தை ஒரு சிறு கருவியால் ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம். மூக்குக்குக் கிளிப் போட்டு, மூச்சு முழுவதையும் வெளியே விட்டுவிட்டு, அடைத்த குழாயில் முழு பலத்தோடு உள்ளே இழுக்க வேண்டும். அந்த இழுப்பு குறைந்தது ஒரு விநாடி நிற்க வேண்டும். ஒன்றுக்கொன்று நெருக்கமாக மூன்று அளவாவது வரும்வரை செய்து, அதில் சிறந்ததை எடுப்பார்கள். இதற்கு எம்.ஐ.பி. (அதிகபட்ச உள்மூச்சு அழுத்தம்) என்று பெயர், அலகு சென்டிமீட்டர் நீரழுத்தம். ஆரோக்கியமான நடுவயது ஆணுக்கு ஏறக்குறைய 100, பெண்ணுக்கு 70 முதல் 80 வரை இருக்கும். வயதுக்கும் பாலினத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பலவீனம் என்று கொள்ளலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் கோப்பில் இருக்கும், இந்த ஒரு எண் மட்டும் இருக்காது. கேட்டு வாங்குங்கள்.

அளக்கும்போதே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உதரவிதானத்துக்குப் போகும் ஃப்ரெனிக் நரம்பு இதய உறையை ஒட்டியே ஓடுகிறது. அறுவை சிகிச்சையின்போது குளிர்ச்சியாலோ இழுபடுவதாலோ அது அடிபடலாம். மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு முட்டுவது, மூச்சை இழுக்கும்போது வயிறு வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போவது, எக்ஸ்ரேயில் ஒரு பக்க உதரவிதானம் தூக்கி நிற்பது ஆகியவை இதன் அடையாளங்கள். இவை இருந்தால் பயிற்சியைத் தொடங்கும் முன் ஸ்கேனில் அசைவைப் பார்த்துவிட வேண்டும். நரம்பு வேலை செய்யாத பக்கத்தைப் பயிற்சியால் மட்டும் எழுப்ப முடியாது.

மூன்று பந்து போதாது

இதய மாற்று செய்துகொண்ட எல்லார் வீட்டிலும் மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்து ஸ்பைரோமீட்டர் இருக்கும். பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள்! ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பந்துகள் விநாடிக்கு 600, 900, 1200 மில்லி வேகத்தில் எழும்பும். சட்டென்று ஒரே இழுப்பில் மூன்றையும் தூக்கிக் காட்டுவது பேரப்பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும், நுரையீரலுக்குப் பயனில்லை. ஒரு பந்தோ இரண்டு பந்தோ எழும்பி இரண்டு மூன்று விநாடி மேலேயே நிற்கும்படி மெதுவாக, நீளமாக இழுப்பதுதான் சரி. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு 10 முறை. சுருங்கிய நுரையீரலை விரிக்க இது நல்ல கருவி. ஆனால் தசையைப் பலப்படுத்தும் அளவுக்கு இதில் எதிர்ப்பு இல்லை. மெதுவாக இழுத்தால் சுமை குறைந்துவிடும், எவ்வளவு சுமை என்று எண்ணிச் சொல்லவும் முடியாது.

பலத்துக்கு வேண்டியது ஸ்பிரிங் வால்வு வைத்த பயிற்சிக் கருவி. குறித்த அழுத்தத்தை எட்டினால்தான் வால்வு திறந்து காற்று உள்ளே வரும். பரவலாகக் கிடைக்கும் வகையில் 9 முதல் 41 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை அளவு வைக்கலாம். நெஞ்சுக் குழாய்களை எடுத்து, ரத்த அழுத்தம் நிலைப்பட்டு, இதய மாற்றுச் சிகிச்சைக் குழு சரி என்ற பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

தொடக்கச் சுமை எம்.ஐ.பி.யில் 30 சதவீதம். அளவு 50 என்றால் ஸ்பிரிங்கை 15-இல் வையுங்கள். சாய்மானம் உள்ள நாற்காலியில் நிமிர்ந்து, பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். தோளைத் தளர்த்தி, ஒரு கையை மேல்வயிற்றில் வையுங்கள். மூக்குக் கிளிப் போட்டு, குழாயை உதட்டால் இறுக மூடி, மூச்சை நிதானமாக வெளியே விட்டுவிட்டு, வேகமாகவும் பலமாகவும் உள்ளே இழுங்கள். கை வெளியே தள்ளப்பட வேண்டும். பிறகு இரண்டு மூன்று விநாடி எடுத்து மெதுவாக வெளியே விடுங்கள். முதல் வாரத்தில் ஐந்தாறு மூச்சுக்கு ஒரு நிமிட ஓய்வு என்று ஐந்து சுற்று போதும். பழகியபின் தொடர்ந்து 30 மூச்சு, காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. வாரத்தில் ஐந்து நாளுக்குக் குறையாமல், எட்டு முதல் 12 வாரம் வரை. 0 முதல் 10 வரை மூச்சுச் சிரமத்துக்கு மதிப்பெண் போட்டால் நாலிலிருந்து ஆறுக்குள் இருக்க வேண்டும். மூன்றுக்குக் கீழே வந்துவிட்டால் சுமை போதவில்லை என்று பொருள்.

பெரும்பாலான பயிற்சிகள் வீணாவது இந்த இடத்தில்தான். முதல் நாள் வைத்த 15-லேயே மூன்று மாதம் இழுத்துக்கொண்டிருப்பார்கள். ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து சுமையை ஏற்ற வேண்டும். எம்.ஐ.பி. 60 ஆகி, சதவீதத்தையும் 40-க்கு உயர்த்தினால் ஸ்பிரிங் 24-க்குப் போகும். கன்னம் உள்ளே குழிந்தால் வாயால் உறிஞ்சுகிறீர்கள், நெஞ்சால் அல்ல. தோள் காதை நோக்கி ஏறினால் கழுத்துத் தசை வேலை செய்கிறது, சுமையைக் குறையுங்கள். உதடும் விரல் நுனியும் மரத்து, தலை சுற்றினால் வேகம் அதிகமாகிவிட்டது. கருவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் சாதாரணமாக மூச்சு விடுங்கள். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், அண்மையில் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு ஏற்பட்டவர்கள் இதைத் தொடவே வேண்டாம். பயாப்ஸி எடுத்த அன்றும் மருத்துவர் சொல்லும்வரை ஓய்வு.

இந்தப் பயிற்சிக்கு ஆய்வு ஆதாரம் அதிகம் திரண்டிருப்பது இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம்தான். ஆகவே தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் பட்டியலில் பெயர் பதிந்து இதயத்துக்காகக் காத்திருப்பவர்கள், உடல்நிலை அனுமதித்தால், இப்போதே தொடங்குவது நல்லது. காத்திருக்கும் மாதங்களை இப்படிப் பயன்படுத்துவோர் குறைவு.

குடம், மாடிப்படி, புறா

வடசென்னை வீடுகளுக்கென்று சில கவனங்கள் தேவை. பிளந்த நெஞ்செலும்பு ஒன்றுசேர எட்டு முதல் 12 வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர் லாரி வந்தால் ஓடுவது பழக்கம், ஆனால் ஒரு பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் 12 கிலோவுக்குக் குறையாது, கேன் 20 கிலோ. அடி பம்பு அடிப்பது அதைவிட மோசம், கையோடு நெஞ்செலும்பும் சேர்ந்து இழுபடும். பாயில் படுத்துக் கையை ஊன்றி எழுவதும் வேண்டாம். மூன்று மாதத்துக்காவது கட்டில் ஏற்பாடு செய்யுங்கள். இருமும்போது மடித்த துண்டையோ தலையணையையோ நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு வீடுகள் நிறைய. புதிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் சும்மா இருக்கும்போதே துடிப்பு 90 முதல் 110 வரை இருக்கும். படியேறத் தொடங்கியதும் அது உடனே வேகமெடுக்காது, ரத்தத்தில் அட்ரினலின் ஏறும்வரை சில நிமிடம் ஆகும். நின்ற பிறகும் உடனே இறங்காது. எனவே தெருவில் ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டுப் படியில் கால் வையுங்கள். காலைத் தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் நில்லுங்கள். நாடித்துடிப்பை நம்பாதீர்கள், ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அளவு.

நடைக்கு எண்ணூர் விரைவுச் சாலையோரம் வேண்டாம், கன்டெய்னர் லாரிகளின் புழுதி போதும் போதும் என்றாகிவிடும். பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா, ராயபுரம் ராபின்சன் பூங்கா போன்ற இடங்கள் மேல். மணலி, எண்ணூர்க் காற்று கனத்துக் கிடக்கும் நாட்களிலும் போகிப் புகையிலும் வீட்டுக்குள்ளேயே நடங்கள். வெளியே போனால் என்-95 மாஸ்க். வீட்டு மொட்டைமாடியில் பந்தயப் புறா இருந்தால் கூண்டை வேறு இடத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் நுரையீரலையும் மூளையையும் தாக்கும். புறாக்காரர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், தெரியும்.

பயிற்சிக் கருவியை யாரோடும் பகிர வேண்டாம். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, தொட்டித் தண்ணீரில் அல்லாமல் கொதித்து ஆறிய நீரில் அலசி, ஈரம் முழுவதும் உலர்ந்தபின் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கொதிநீரில் போட்டால் வால்வு கெட்டுவிடும்.

எல்லா மூச்சுத்திணறலும் தசையால் வருவதல்ல. நரம்பு அறுந்த இதயம் பெரும்பாலும் நெஞ்சுவலியாக எச்சரிக்காது. திணறலும் அசதியுமே அதன் மொழி. நேற்று ஏறிய படியை இன்று ஏற முடியாவிட்டாலும், ஒரு நாளில் ஒரு கிலோ அல்லது வாரத்தில் இரண்டு கிலோ எடை கூடினாலும், கால் வீங்கினாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும், நெஞ்செலும்பில் 'களுக்' என்ற சத்தம் கேட்டாலும் கருவியை ஓரமாக வைத்துவிட்டு அன்றே இதய மாற்றுச் சிகிச்சைக் குழுவை அழையுங்கள். நிராகரிப்பு என்று உறுதியாகி ஊசி வழியாக ஸ்டீராய்டு ஏற்றினால், சிகிச்சை முடிந்ததும் பழைய சுமைக்கு நேராகப் போக வேண்டாம். எம்.ஐ.பி.யைப் புதிதாக அளந்து, வரும் எண்ணில் 30 சதவீதத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.