மேற்கோளும் இல்லை, மூலமும் இல்லை: ‘பை ரெஃபரன்ஸ்’ தமிழில்

“மேற்கோள் மூலம் அழைத்தால் மாறியின் மதிப்பு மாறும்.” கணினி நிரல் எழுதுவதில் வரும் ‘கால் பை ரெஃபரன்ஸ்’ என்பதற்கு இதுதான் தமிழாம். போன வாரம் ஒரு பாடக் காணொளியில் இதை மறுபடியும் கேட்டேன். என்னிடம் சி என்ற நிரல் மொழி படிக்க வரும் பிள்ளைகளின் நோட்டிலும் இதே வரிதான். மேற்கோள் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது கட்டுரையில் இரட்டைக் குறிக்குள் எழுதும் அடுத்தவர் வாசகம். அதை வைத்துக்கொண்டு நினைவகத்தில் நடப்பதை எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

நடப்பது இதுதான். ‘இடமாற்று’ என்று ஒரு ஃபங்ஷன், அதாவது அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு. இரண்டு மாறிகளின் மதிப்பை மாற்றிப் போடுவது இதன் வேலை. மாறி என்பது நினைவகத்தில் ஒரு மதிப்பை வைக்கும், பெயரிட்ட இடம். ஒரு மாறியில் 5, இன்னொன்றில் 10. சி மொழியில் இரண்டையும் அப்படியே கொடுத்து அழைத்தால், உள்ளே 10, 5 என்று மாறும். வெளியே வந்து பார்த்தால் பழையபடி 5, 10. உள்ளே போனது நகல்; இதுதான் ‘கால் பை வேல்யூ’. ரேஷன் கார்டின் ஜெராக்ஸில் பெயரைத் திருத்தினால் கார்டில் பெயர் மாறுமா? சி++ மொழியில் பாராமீட்டரின் (கொடுப்பதை ஃபங்ஷனுக்குள் வாங்கிக்கொள்ளும் மாறி) பெயருக்கு முன் ஓர் ‘அம்பர்சாண்ட்’ (&) குறி போட்டுவிட்டால் நகல் எடுக்கப்படாது. வெளியே உள்ள அதே மாறிக்கு உள்ளே இன்னொரு பெயர், அவ்வளவுதான். அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும்; இதுதான் ‘கால் பை ரெஃபரன்ஸ்’.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வேல்யூ, வலிமை பெறுதல், விலை பெறுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் மதிப்பு, ‘மதி’ என்ற வினையிலிருந்து. பொருத்தமான சொல், அதில் எனக்குக் குறையே இல்லை. ரெஃபரன்ஸ் என்பதன் லத்தீன் மூலத்துக்குத் ‘திரும்பக் கொண்டுபோதல்’ என்று பொருள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நம்மைக் கொண்டுபோய் விடுவது.

சிக்கல் ‘மூலம்’ என்ற சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. ஆங்கிலத்தில் ‘பை’ வந்த இடமெல்லாம் ‘மூலம்’ போட்டுவிடுகிறார்கள். மூலம் கருவியைச் சொல்வது: தபால் மூலம் அனுப்பினேன், தரகர் மூலம் வாங்கினேன். இங்கே கேள்வி, எதைக் கொண்டு என்பதல்ல, எந்த வடிவில் என்பது. அதற்குத் தமிழில் ‘ஆக’ இருக்கிறது. கூலியை நெல்லாகக் கொடுத்தார்கள், பணமாகக் கொடுத்தார்கள் என்கிறோம். ‘நெல் மூலம் கூலி’ என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை.

‘அழைத்தல்’ என்பதும் அப்படித்தான். 1960இல் வந்த, அல்கால் 60 என்ற பழைய நிரல் மொழியின் அறிக்கையிலேயே கால் பை வேல்யூ, கால் பை நேம் என்ற பேச்சு உண்டு. இரண்டாவதை இதே வழியில் மொழிபெயர்த்தால் ‘பெயர் மூலம் அழைத்தல்’ ஆகிவிடும். மாணவர் என்ன நினைப்பார்? ஃபங்ஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம் என்றுதான். அழைக்கப்படுவது ஃபங்ஷன், நாம் பேசுவதோ அதற்குள் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பற்றி. ஆகவே ‘தருதல்’ என்றே சொல்லலாம்.

இனி ரெஃபரன்ஸ். அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டுவதுதான் இன்றைய மொழிபெயர்ப்பில் என்னை மிகவும் வருத்தும் பழக்கம். ஆய்வுக் கட்டுரைக்கு மேற்கோள் சரி. அரசுக் கடிதத்தில் ‘பொருள்’ என்பதற்குக் கீழே வரும் ‘பார்வை’யும் சரி. நிரலில் இரண்டுமே பொருந்தாது. ‘குறிப்பு’ பரவாயில்லை, குறித்தல் என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆனால் குறிப்பு என்றதும் சமையல் குறிப்பு, வகுப்புக் குறிப்பு என்று எழுதி வைத்த ஒன்றுதான் மனதில் வருகிறது. நிரலுக்கு விளக்கமாக எழுதும் வரிகளையும் குறிப்பு என்றுதான் சொல்கிறோம். ஒரே பாடத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை.

நான் ‘சுட்டு’ என்பேன். அ, இ, உ சுட்டெழுத்துகள் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ‘அவன்’ என்பதில் ஆளே இல்லை, ஆளைக் காட்டுதல்தான் இருக்கிறது. பாயின்டருக்குச் சுட்டு என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். பாயின்டர் நினைவக முகவரியை வைத்திருக்கும் ஒரு மாறி, அதை வேறு பக்கம் திருப்பலாம். சுட்டுகிற பொருள் என்பதால் அதற்குச் ‘சுட்டி’ போதும். மவுஸையும் இணைய லிங்கையும்கூடச் சுட்டி என்கிறார்கள், உண்மைதான். ஆனால் சி மொழிப் பாடத்தின் நடுவே யாரும் மவுஸோடு குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

ஆக, மதிப்பாகத் தருதல், சுட்டாகத் தருதல்.

இந்தச் சொற்களை ஜாவா என்ற நிரல் மொழியில் வைத்துப் பாருங்கள். அங்கே ஓர் ஆப்ஜெக்டை (விவரங்களை ஒன்றாக வைத்திருக்கும் தொகுப்பு) கொடுத்தால் உள்ளே அதன் விவரங்களை மாற்றலாம், வெளியிலும் தெரியும். ஆனால் பாராமீட்டரில் புது ஆப்ஜெக்டை வைத்தால் வெளியே ஒன்றும் ஆகாது. வீட்டு முகவரிச் சீட்டின் ஜெராக்ஸைக் கொடுத்த மாதிரி: அதைப் பார்த்துப் போய் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம், ஜெராக்ஸில் முகவரியை மாற்றி எழுதினால் என் கையில் இருக்கும் சீட்டு மாறாது. இதைப் பிள்ளைகளிடம் “ஜாவாவில் சுட்டையே மதிப்பாகத் தருகிறோம்” என்று சொன்னேன். ஒருத்தி உடனே கேட்டாள்: “அப்போ அங்க சுட்டாகத் தருவதே கிடையாதா சார்?” கிடையாது.