அசால்ட் ரைபிள், அசால்ட் வெப்பன்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நடந்தால், கொலையாளி வைத்திருந்தது நம் செய்திகளில் இயந்திரத் துப்பாக்கி, தானியங்கித் துப்பாக்கி, தாக்குதல் ஆயுதம் என்று பல பெயர்களில் வருகிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் தவறு. மூன்றாவது மொழிபெயர்ப்பாகச் சரி, தமிழாகச் சப்பை.

‘அசால்ட் ரைபிள்’ ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. 1944-இல் நாஜி ராணுவம் ஒரு புதிய துப்பாக்கிக்கு ‘ஸ்டுர்ம்கெவேர்’ என்று பெயரிட்டது. கெவேர் என்றால் நீள் துப்பாக்கி. ஸ்டுர்ம் என்றால் புயல். படைவழக்கில், எதிரியின் அரண்மீது பாய்ந்து ஏறுவது. (இதற்குப் பழந்தமிழில் உழிஞை என்று ஒரு திணையே உண்டு. ‘உழிஞைத் துப்பாக்கி’ என்று எழுதினால் எந்த ஆசிரியரும் விடமாட்டார்.) பழைய காலாட்படைத் துப்பாக்கியின் தோட்டா உறை 57 மி.மீ. நீளம்; இதற்கு 33 மி.மீ.தான். வெடிமருந்து குறைந்ததால் உதைப்பும் குறைந்தது. ஒரு பொத்தானை மாற்றினால் ஒவ்வொன்றாகவும் சுடலாம், விசையை அழுத்திப் பிடித்துச் சரமாரியாகவும் சுடலாம். ஏகே-47, எம்-16 எல்லாம் இந்த இனம்.

அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஏஆர்-15 அப்படியல்ல. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு; அடுத்த தோட்டா மட்டும் தானாக ஏறிக்கொள்ளும். ஆகவே அது பகுதித் தானியங்கி. ‘ஏஆர்’ என்பதும் அசால்ட் ரைபிளின் சுருக்கமல்ல, ஆர்மாலைட் என்ற நிறுவனத்தின் பெயர்.

‘அசால்ட் வெப்பன்’ சட்டத்தில் வளர்ந்த சொல். கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் நடந்த பள்ளிப் படுகொலைக்குப் பின் 1989-இல் அந்த மாநிலமும், 1994-இல் மத்திய அரசும் இதைச் சட்டத்தில் எழுதின. மத்திய சட்டம் சில மாடல்களைப் பெயர் சொல்லியே தடுத்தது. மற்றவற்றுக்கு ஓர் அளவுகோல்: கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி உள்ள பகுதித் தானியங்கி நீள் துப்பாக்கியில், மடக்கும் தோள்கட்டை, கைத்துப்பாக்கிப் பிடி, முனைக்கத்தி மாட்டும் இடம், சுடர் மறைப்பான் போன்றவற்றில் இரண்டு இருந்தால் தடை. தயாரிப்பாளர்கள் முனைக்கத்தி மாட்டும் இடத்தையும் சுடர் மறைப்பானையும் நீக்கிவிட்டு, கிட்டத்தட்ட அதே துப்பாக்கியை விற்றார்கள். தோற்றத்தைத் தடை செய்த சட்டம் என்று எதிர்த்தரப்பு கேலி செய்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பத்துக்கு மேல் தோட்டா பிடிக்கும் புதிய பெட்டிகளையும் அதே சட்டம் தடுத்தது. அதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2004-இல் சட்டம் காலாவதியானது. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகும், 2013-இல் புதிய தடை செனட்டில் தோற்றது. துப்பாக்கித் தொழில்துறையோ ‘நவீன விளையாட்டுத் துப்பாக்கி’ (மாடர்ன் ஸ்போர்ட்டிங் ரைபிள்) என்று தன் பங்குக்கு ஒரு பெயர் வைத்தது. அதை நாம் அப்படியே எழுதினால் விளம்பரம் செய்வதாகும்.

இனி தமிழுக்கு வருவோம். துப்பாக்கியே துருக்கிய மூலச் சொல். ஈழத்துத் ‘துவக்கு’ அதன் உறவு. இங்கே தூய்மை பேசிப் பயனில்லை, தெளிவுதான் வேண்டும். ‘ஆயுதம்’ அரிவாளையும் குறிக்கும். எந்த ஆயுதம்தான் தாக்குவதற்கு இல்லை? எனவே ராணுவக் கருவிக்குத் ‘தாக்குதல் துப்பாக்கி’. அமெரிக்கச் சட்டச் சொல்லுக்குத் ‘தாக்குதல் ரகத் துப்பாக்கி’. கைத்துப்பாக்கி வகைகளும் அதில் அடங்கிவிடும்.

ஆஸ்திரேலியச் செய்தி என்றால் இந்தச் சிக்கல் குறைவு. போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டதும், 1996-இல் அந்த நாடு சுடும் முறையை வைத்தே தடையை வகுத்தது. அங்கே ‘பகுதித் தானியங்கித் துப்பாக்கி’ என்று எழுதினால் போதும்.