ஹிட் ஆவதற்கு முன்னால் போட்ட கையெழுத்து

1988-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பதிப்புரிமை வழக்கு விசாரணைக்கு வந்தது. பிரதிவாதி கிதாரோடு சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, தான் பாட்டுப் போடும் விதத்தை நடுவர் குழுவுக்கு வாசித்தே காட்டினார். அவர்மீது சொல்லப்பட்ட குற்றம் பாட்டுத் திருட்டு. யார் பாட்டை? 1970-இல் அவரே எழுதி, அவரே மெட்டமைத்து, அவரே பாடிய பாட்டை.

அவர் பெயர் ஜான் ஃபோகர்ட்டி. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பாடகர், பாடலாசிரியர், முன்னணி கிதார் கலைஞர் எல்லாம் அவர்தான். இசைத்துறை, சினிமாத்துறை ஒப்பந்தங்களைப் பார்ப்பது என் தொழில். பேண்டு வைத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "மேடம், முதல்ல பாட்டு ஹிட் ஆகட்டும், மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்." கிரீடன்ஸ்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர்களுக்கு ஹிட் ஆகத்தான் செய்தது, அதுவும் சாதாரண ஹிட் இல்லை.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் எல் செரிட்டோ என்று ஒரு சிற்றூர். 1959 வாக்கில் அங்கே ஒரே பள்ளியில் படித்த ஜான் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட் மூவரும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். பிறகு ஜானின் அண்ணன் டாம் சேர்ந்துகொண்டார். 1964-இல் ஃபேண்டசி ரெக்கார்ட்ஸ் என்ற உள்ளூர் ஜாஸ் கம்பெனி அவர்களைச் சேர்த்துக்கொண்டது. இசைத்தட்டு வந்தபோது அதில் இருந்தது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் இல்லை. "கோலிவாக்ஸ்" என்று கம்பெனியே ஒரு பெயரைப் போட்டிருந்தது. கறுப்பின மக்களைக் கேலி செய்யும் ஒரு பொம்மையின் பெயர் அது. பையன்களுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆனாலும் மூன்று வருடத்துக்கு மேல் அந்தப் பெயரிலேயே வாசித்தார்கள். பெயர் வைக்கும் உரிமைகூடத் தங்களிடம் இல்லை என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

1967-இல் சால் ஜான்ட்ஸ் என்பவர் கூட்டாளிகளோடு சேர்ந்து கம்பெனியை வாங்கினார். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார், முழு ஆல்பம் போட வாய்ப்புக் கொடுத்தார். 1968 தொடக்கத்தில் புது ஒப்பந்தம் கையெழுத்தானது. நால்வருக்கும் இருபதுகளில் வயது, கையில் காசு இல்லை, வேறு கம்பெனியும் கூப்பிடவில்லை. வெற்றி வந்ததும் இதைவிட நல்ல ஒப்பந்தம் தருவதாக வாய்மொழியாகச் சொன்னார்கள் என்று ஃபோகர்ட்டி பல காலமாகச் சொல்லிவந்திருக்கிறார். இப்படி ஒரு வாக்குறுதியைக் கேட்காத இசைக்கலைஞரை நான் இன்னும் பார்க்கவில்லை. அது ஒருபோதும் காகிதத்தில் இருக்காது.

அப்புறம் நடந்தது ராக் வரலாற்றிலேயே அபூர்வமான ஓட்டம். முதல் ஆல்பத்தில் இருந்த "சூசி க்யூ" எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, பழைய பாட்டு ஒன்றின் மறு உருவாக்கம். சான் பிரான்சிஸ்கோவின் எஃப்.எம். நிலையம் ஒன்று அதை விடாமல் போட்டது. அமெரிக்க ஹிட் பட்டியலில் 11-ஆம் இடம் வரை ஏறியது. அதே ஆண்டு ஃபோகர்ட்டிக்கு ராணுவ ரிசர்வ் பணியிலிருந்து விடுவிப்புக் கடிதம் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவர் எழுதியதுதான் "பிரவுட் மேரி". 1969 என்ற ஒரே ஆண்டில் மூன்று ஆல்பங்கள். டக் கிளிஃபர்டின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி கூடிப் பயிற்சி செய்தார்கள். அந்த இடத்துக்கு அவர்களே "ஃபேக்டரி" என்று பெயர் வைத்திருந்தார்கள். உட்ஸ்டாக் என்ற பெரிய இசைவிழாவிலும் வாசித்தார்கள், ஆனால் மேடை கிடைத்தது நள்ளிரவு தாண்டி, பாதிக் கூட்டம் தூங்கிப்போன பிறகு. 1970-இல் வந்த "காஸ்மோஸ் ஃபேக்டரி" ஆல்பம் பட்டியலில் முதலிடம். தனிப்பாடல்களில் மட்டும் ஒரு வேடிக்கை: பில்போர்டு ஹாட் 100 என்ற அமெரிக்கத் தனிப்பாடல் பட்டியலில் ஐந்து முறை இரண்டாமிடம், ஒருமுறைகூட முதலிடம் இல்லை.

இனி ஒப்பந்தத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் சுவாரசியமானது ராயல்டி, அதாவது வருமானத்தில் கலைஞருக்கு வரும் பங்கு, எத்தனை சதவீதம் என்பது இல்லை. எல்லோரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மோசமானது வேறு இரண்டு இடத்தில் இருந்தது.

ஒன்று, பாட்டுக் கணக்கு. இத்தனை வருடம் என்பதோடு வருடத்துக்கு இத்தனை பாட்டுப் பதிவு செய்து தர வேண்டும் என்றும் இருந்தது. கொடுக்காமல் விட்டது பாக்கியாக நிற்கும். உதாரணத்துக்கு வருடத்துக்கு 12 பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் எட்டுதான் முடிந்தது என்றால் நாலு பாக்கி. ஐந்து வருட ஒப்பந்தம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த ஐந்து வருடம் காலண்டரில் முடியாது, பாட்டில்தான் முடியும். கந்துவட்டிக்கு வாங்கியவன் அசலையே தொட முடியாமல் கட்டிக்கொண்டே போவதைப் போன்ற நிலைமை. 1972 அக்டோபரில் குழு பிரிந்தது. குக்கையும் கிளிஃபர்டையும் கம்பெனி போக விட்டது, ஃபோகர்ட்டியை விடவில்லை. பாட்டுக் கட்டுகிறவர் அவர்தானே. டேவிட் கெஃபன் நடத்திய அசைலம் கம்பெனி பணம் கொடுத்து வட அமெரிக்கப் பகுதிக்கு மட்டும் அவரை மீட்டது. மற்ற நாடுகளுக்கான பாக்கி அப்படியே இருந்தது. கடைசியில் 1980 வாக்கில், பழைய கிரீடன்ஸ் இசைத்தட்டுகளில் தனக்கு வர வேண்டிய கலைஞர் ராயல்டியை எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் அவரால் வெளியே வர முடிந்தது. 1976-இல் வந்த "கிரானிக்கிள்" என்ற தொகுப்பு ஆல்பம் இன்றுவரை விற்கிறது, பில்போர்டு 200 பட்டியலில் 500 வாரங்களுக்கு மேல் இருந்துவிட்டது. எதை எழுதிக்கொடுத்தார் என்று இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, பாட்டின் உரிமை. ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, அதை ஸ்டுடியோவில் பாடிப் பதிவு செய்த மாஸ்டர் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு ஆளிடம் இருக்கலாம். மாஸ்டரைக் கம்பெனி வைத்துக்கொள்வது வழக்கம், பதிவுச் செலவு அவர்களுடையது. கிரீடன்ஸ் விஷயத்தில் வரியும் மெட்டும்கூடக் கம்பெனியின் பப்ளிஷிங் பிரிவுக்கே, அதாவது வரி, மெட்டு உரிமைகளை வைத்திருக்கும் பிரிவுக்கே, போயிருந்தன. அதனால்தான் அந்த 1988 வழக்கு சாத்தியமானது. 1985-இல் ஃபோகர்ட்டி வார்னர் கம்பெனியில் "சென்டர்ஃபீல்ட்" என்ற ஆல்பம் போட்டார், அது முதலிடம் பிடித்தது. அதில் இருந்த ஒரு பாட்டு, 1970-இன் "ரன் த்ரூ தி ஜங்கிள்" பாட்டுக்கு வேறு வரி போட்டதுதான் என்றது ஃபேண்டசி. எழுதியவர் அவர், உரிமையாளர் கம்பெனி. சட்டப்படி பார்த்தால் கேள்வி நியாயமானதுதான், எனக்கே எரிச்சலாக இருந்தாலும்.

நடுவர் குழு ஃபோகர்ட்டி பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு ஆளின் பாணி வேறு, ஒரு குறிப்பிட்ட பாட்டு வேறு என்பதை அவருடைய கிதாரே விளக்கியது. ஆனால் வழக்குச் செலவு மலைபோல் நின்றது. வழக்குப் போட்டவர் ஜெயித்தால் செலவுத்தொகை சுலபமாகக் கிடைக்கும், வழக்கை எதிர்கொண்டவர் ஜெயித்தால் எதிராளி கெட்ட எண்ணத்தோடு வந்தார் என்று நிரூபிக்க வேண்டும் என்பது அந்தப் பகுதி நீதிமன்றங்களின் வழக்கமாக இருந்தது. 1994 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல்தான் என்று சொன்னது. பிறகு அவருக்குக் கிடைத்த செலவுத்தொகை 13 லட்சம் டாலருக்கும் மேல். பதிப்புரிமை படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

பணம் எங்கே போனது என்று கேட்பீர்கள். பஹாமாஸில் காஸில் பேங்க் என்று ஒரு வங்கி. வரி மிச்சம் என்று சொல்லி இவர்கள் சம்பாத்தியத்தை அங்கே போட வைத்தார்கள். 1970-களின் பிற்பாதியில் அது மூழ்கியது, பணமும் போனது. யோசனை சொன்ன கணக்காயர் தரப்பின்மீது வழக்குப் போட வேண்டிவந்தது. அதற்கு முன்பே, 1970-களின் தொடக்கத்தில், ஃபேண்டசி பெர்க்லியில் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டது, ஊரில் அதற்கு "கிரீடன்ஸ் கட்டிய வீடு" என்றே பெயர். ஜான்ட்ஸ் படத் தயாரிப்புக்குப் போய் மூன்று முறை சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கினார். நல்ல படங்கள்தான், அதை மறுக்க முடியாது.

உள்ளே நடந்த சண்டையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். பெரும்பாலான பாட்டுகளை ஜானே எழுதினார், ஜானே பாடினார், குழுவின் நிர்வாகத்தையும் அவரே பார்த்தார். முடிவுகளில் மற்ற மூவருக்கும் குரல் இல்லை. டாம் 1971-இல் வெளியேறினார். 1990-இல் அவர் இறந்தபோதும் அண்ணன் தம்பிக்குள் பிணக்கு முழுதாகத் தீரவில்லை. 1993-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் குழுவைச் சேர்த்தபோது குக்கோடும் கிளிஃபர்டோடும் ஒரே மேடையில் வாசிக்க ஜான் மறுத்துவிட்டார். அவர்கள் இருவரும் 1995-இல் பெயரைக் கொஞ்சம் மாற்றி வேறு குழு ஆரம்பிக்க, அதற்கும் ஒரு வழக்கு. குழுவின் பெயர் யாருடையது, ஒருவர் விலகினால் என்ன, எழுதியவருக்கு எவ்வளவு, வாசித்தவருக்கு எவ்வளவு என்று தங்களுக்குள் ஒரு பக்கமாவது எழுதிவைத்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. நான் நாலு பேர் பேண்டைப் பார்த்ததும் முதலில் கேட்பது இதைத்தான். "நாங்க ஃப்ரெண்ட்ஸ் மேடம்" என்பார்கள். ஃபோகர்ட்டிகள் அண்ணன் தம்பி.

என் மேஜைக்கு வரும் காகிதங்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில் பி.டி.எஃப். வரும், நாளைக்குக் காலையில் கையெழுத்து என்ற அவசரத்தோடு. அதில் தவறாமல் ஒரு ஷரத்து இருக்கும்: பிரபஞ்சம் முழுவதும், நிரந்தரமாக, இன்று இருக்கும் வடிவங்களிலும் இனிமேல் கண்டுபிடிக்கப்படப்போகும் வடிவங்களிலும் எல்லா உரிமையும் கம்பெனிக்கே. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் கொஞ்சம் காப்பாற்றுகிறது. வரி எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் பங்கு ராயல்டியைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது. எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் விதிவிலக்கு. எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்தப் பகுதி என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். அதனால்தான் கம்பெனிகள் "நிரந்தரமாக", "பிரபஞ்சம்" என்று எழுதுகிறார்கள், அது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஆனால் மாஸ்டருக்கு அந்த ராயல்டிப் பாதுகாப்பு கிடையாது. பாட்டுக் கணக்கு, பெயர் இரண்டையும் சட்டம் உங்களுக்காகப் பார்த்துக்கொள்ளாது. அங்கே பேசித்தான் வாங்க வேண்டும், அதுவும் கையெழுத்துக்கு முன்னால்.

ஃபோகர்ட்டி பல வருடம் தன் பழைய பாட்டுகளை மேடையில் பாடாமலே இருந்தார். பாடினால் அந்தக் காசு யாருக்குப் போகும் என்று தெரிந்ததுதான் காரணம். 1987-இல் வியட்நாம் போர் வீரர்களுக்கான ஒரு கச்சேரியில்தான் மனம் மாறினார். 2004-இல் கான்கார்ட் என்ற கம்பெனி ஃபேண்டசியை வாங்கி, அவர் விட்டுக்கொடுத்த ராயல்டியைத் திருப்பிக் கொடுத்தது. 2023 ஜனவரியில் தன் பாட்டுகளின் பப்ளிஷிங் உரிமையில் பெரும்பங்கை அதே கம்பெனியிடமிருந்து வாங்கினார், 77 வயதில். அமெரிக்கச் சட்டப்படி 1978-க்கு முந்தைய பாட்டுகளை எழுதியவர்கள் 56 ஆண்டுக்குப் பிறகு அவற்றைத் திரும்பக் கேட்கலாம். அந்தக் காலம் நெருங்கிவந்ததும் பேரத்துக்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம். நம் சட்டத்தில் அப்படி ஒரு வழி கிடையாது.

மாஸ்டர்கள் மட்டும் இன்னும் கான்கார்டிடம். அதனால் 2025-இல், 80 வயதில், தன் பழைய ஹிட் பாட்டுகளை மறுபடியும் பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். இந்த வழியை அடைப்பதற்காகவே இப்போது வரும் ஒப்பந்தங்களில் மறுபதிவுத் தடை என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கிறார்கள், பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் "இதர நிபந்தனைகள்" என்ற தலைப்புக்குக் கீழே. அங்கே எத்தனை வருடம் என்று போட்டிருக்கிறது, அது கையெழுத்துத் தேதியிலிருந்தா, பாட்டு வெளியான தேதியிலிருந்தா, ஒப்பந்தம் முடிந்த தேதியிலிருந்தா என்று பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.